ஆங்கில வாக்கியம் இடறுகிறதா? எந்தச் சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

எங்கள் அலுவலகத்தில் வெளியே போகிற ஆங்கில மெயில், ரிப்போர்ட், டெண்டர் கடிதம் எல்லாம் என் மேசைக்கு ஒருமுறை வந்துவிட்டுத்தான் போகும். ஸ்பெல்லிங் தப்பு இப்போதெல்லாம் அபூர்வம், அதைக் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. திரும்பத் திரும்ப வருவது வேறு கோளாறு: எல்லாச் சொல்லும் சரியாக இருக்கும், ஏதோ ஒன்று மட்டும் தப்பான இடத்தில் நிற்கும். தமிழில் "மாலா ரவியைப் பார்த்தாள்" என்றாலும் "ரவியை மாலா பார்த்தாள்" என்றாலும் பார்த்தது மாலாதான். 'ஐ' என்கிற உருபு ரவியோடு ஒட்டிக்கொண்டே போகிறது, அதனால் ரவி எங்கே போனாலும் கவலையில்லை. ஆங்கிலத்தில் அந்த உருபின் வேலையை இடமே செய்கிறது. ஆகவே வாக்கியம் இடறினால் உடனே அகராதியைத் திறக்காதீர்கள், முதலில் இடத்தைப் பாருங்கள்.

கீழே இருப்பது அறிகுறி வாரியான வழி. உங்கள் வாக்கியத்துக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒரு சொல்லை நகர்த்தினால் தீர்ந்துவிடுகிற காரணங்களை முன்னால் வைத்திருக்கிறேன், வாக்கியத்தையே பிரித்து எழுதவேண்டியவை பின்னால் வரும்.

எந்தத் தலைப்பாக இருந்தாலும் ஒரு வேலையை முதலில் செய்துவிடுங்கள். வாக்கியத்தில் யார் செய்தது என்பதற்கு அடியில் ஒரு கோடு, என்ன செய்தது என்பதற்கு அடியில் இன்னொரு கோடு. இரண்டும் போட முடியவில்லை என்றால் எதையும் நகர்த்திப் பயனில்லை, வாக்கியம் இன்னும் முழுசாகவில்லை என்று அர்த்தம்.

## அறிகுறி: கேள்வி கேட்டிருக்கிறீர்கள், கேள்வி மாதிரி இல்லை

"வேர் யூ ஆர் ஒர்க்கிங்?", "வென் தி மீட்டிங் வில் ஸ்டார்ட்?" இந்த ரகம்.

ஹெல்ப்பிங் வெர்ப் இருக்கிறதா? ஆர், இஸ், வில், கேன், ஹேவ் மாதிரி ஒன்று இருந்தால் அதை எடுத்து சப்ஜெக்டுக்கு முன்னால் வையுங்கள். "வேர் ஆர் யூ ஒர்க்கிங்?" முடிந்தது.

இல்லையா? அப்போது 'டூ'வைக் கொண்டுவர வேண்டும். "வேர் ஷீ ஒர்க்ஸ்?" என்பது "வேர் டஸ் ஷீ ஒர்க்?" ஆகும். 'ஒர்க்ஸ்' கடைசியில் இருந்த 'ஸ்' கழன்று 'டஸ்' ஆகிவிட்டது, அதனால் அது திரும்ப ஒர்க்கோடு வரக்கூடாது. "வேர் டஸ் ஷீ ஒர்க்ஸ்?", "டிட் யூ வென்ட்?" இரண்டும் இந்த ஒரே கோளாறுதான். ஒன்று நகர்ந்து போனால் பழைய இடம் காலியாக இருக்க வேண்டும்.

செய்தது யார் என்றே கேட்கிறீர்களா? அப்போது எதையும் நகர்த்தாதீர்கள். "ஹூ கால்டு யூ?" இதில் 'டிட்' போடத் தேவையில்லை. சோதனை சுலபம்: பதிலை எழுதிப் பாருங்கள். "குமார் கால்டு மீ" என்று பதிலில் பெயர் முதலில் வந்தால் 'டிட்' வேண்டாம். "ஐ கால்டு குமார்" என்று பெயர் பின்னால் வந்தால் வேண்டும், "ஹூ டிட் யூ கால்?"

## அறிகுறி: கேள்விக்குள் இன்னொரு கேள்வி, இரண்டும் முட்டிக்கொள்கின்றன

மேலே சொன்னதை நன்றாகப் பழகிவிட்டவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். "குட் யூ டெல் மீ வென் இஸ் தி மீட்டிங்?", "ஐ டோன்ட் நோ வேர் டிட் ஹீ கோ." மரியாதையாகக் கேட்கிற ஒவ்வொரு அலுவலக மெயிலிலும் இந்த அமைப்பு வருவதால், எனக்குக் கிடைக்கிற வரைவுகளில் முதலிடம் இதற்குத்தான்.

உள்ளே இருக்கும் கேள்வி: டெல், நோ, வொண்டர், ஆஸ்க் மாதிரி ஒரு வினைக்குப் பின்னால் வரும் கேள்வியில் எதுவும் நகராது. சாதாரண வாக்கியத்தின் வரிசையே போதும். "குட் யூ டெல் மீ வென் தி மீட்டிங் இஸ்?", "ஐ டோன்ட் நோ வேர் ஹீ வென்ட்." நகர்வதெல்லாம் வெளிக் கேள்வி மட்டும். முதல் வாக்கியத்தில் 'குட்' ஏற்கெனவே யூவுக்கு முன்னால் போய்விட்டது, ஒரு வாக்கியத்துக்கு அந்த ஒரு நகர்வு போதும்.

'டூ யூ திங்க்' இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். "யார் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்பதை நம் ஆட்கள் "டூ யூ திங்க் ஹூ வில் கம்?" என்று எழுதுகிறார்கள். "யார் வருவார்கள் என்று தெரியுமா?" என்பதை "டூ யூ நோ ஹூ வில் கம்?" என்று எழுதுகிறார்கள். தமிழில் இரண்டும் ஒரே வார்ப்பு. ஆங்கிலத்தில் இரண்டாவது சரி, முதலாவது உடைகிறது. பார்க்கவேண்டியது இது: அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியுமா? தெரியுமா என்றால் 'தெரியும்' என்று சொல்லலாம், அதனால் 'ஹூ' உள்ளேயே இருக்கட்டும். நினைக்கிறீர்கள் என்றால் ஆளின் பெயரைச் சொல்லியாக வேண்டும், அதனால் 'ஹூ' வாக்கியத்தின் தலைக்கே போகவேண்டும்: "ஹூ டூ யூ திங்க் வில் கம்?" எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் அது தலைக்கு வந்துவிடும். "வாட் டூ யூ திங்க் தி மேனேஜர் வாண்ட்ஸ்?" என்பதில் 'வாட்' உண்மையில் வாண்ட்ஸுக்குப் பின்னால் இருக்கவேண்டியது, அங்கிருந்து முன்னால் வந்து நிற்கிறது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் இந்த வகைக் கேள்வி எல்லாம் வசமாகிவிடும்.

## அறிகுறி: 'ஆஃப்', 'அப்', 'அவுட்' எங்கே போடுவது என்று தெரியவில்லை

"தி ஏசி இஸ் ஆன், ப்ளீஸ் ஸ்விட்ச் ஆஃப் இட்." அர்த்தம் புரிகிறது, ஆனால் உறுத்துகிறது.

ஆப்ஜெக்ட் பெயர்ச்சொல்லாக இருந்தால் இரண்டு இடமும் சரி: "ஸ்விட்ச் ஆஃப் தி ஏசி", "ஸ்விட்ச் தி ஏசி ஆஃப்." இட், தெம், ஹிம் மாதிரி சின்னச் சொல்லாக இருந்தால் அது நடுவில்தான் நிற்கும்: "ஸ்விட்ச் இட் ஆஃப்", "ஃபில் இட் அவுட்", "பிக் தெம் அப்." ஆப்ஜெக்ட் ரொம்ப நீளமாக இருந்தால் நடுவில் திணிக்காதீர்கள். "ஃபில் தி ஃபார்ம் தட் வாஸ் சென்ட் டு யூ லாஸ்ட் வீக் அவுட்" என்று எழுதினால் அந்த 'அவுட்' வரைக்கும் வாசிப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும்.

ஆனால் எல்லா வினையும் இப்படிப் பிரியாது. "லுக் ஆஃப்டர்", "லுக் ஃபார்", "டீல் வித்" ஆகியவை பிரியாதவை, அங்கே "லுக் ஆஃப்டர் இட்" என்பதே சரி. சோதிக்க, ஒரு பெயர்ச்சொல்லை நடுவில் வைத்துப் பாருங்கள். "ஸ்விட்ச் தி லைட் ஆஃப்" காதில் நிற்கிறது, "லுக் தி பேபி ஆஃப்டர்" நிற்கவில்லை. காது இன்னும் பழகவில்லை என்றால் லாங்மன் அகராதியில் அந்த வினையைத் தேடுங்கள், பிரியக்கூடியவற்றுக்கு நடுவில் இரண்டு பக்கமும் முனையுள்ள ஒரு அம்புக்குறி போட்டிருப்பார்கள்.

## அறிகுறி: அட்வெர்ப் வந்து வினையையும் ஆப்ஜெக்டையும் பிரித்துவிட்டது

"ஷீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்." "ஐ லைக் வெரி மச் திஸ் பிளேஸ்."

ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் ஆப்ஜெக்டுக்கும் நடுவில் எதையும் நுழைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. கடைசிக்குத் தள்ளுங்கள்: "ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்." ஒரே ஒரு விலக்கு, ஆப்ஜெக்ட் மிக நீளமானது என்றால் அதுவே பின்னால் போய்க்கொள்ளும். "ஹீ எக்ஸ்பிளெயின்டு கிளியர்லி ஆல் தி ரீசன்ஸ் வை தி ஷிப்மெண்ட் வாஸ் டிலேய்டு" என்பது நல்ல வாக்கியம்.

ஆல்வேஸ், ஆஃபன், நெவர், யூஷுவலி ஆகியவற்றுக்குத் தனி இடம். மெயின் வெர்புக்கு முன்னால் ("ஷீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்"), இஸ், ஆர், வாஸுக்குப் பின்னால் ("ஷீ இஸ் ஆல்வேஸ் லேட்"). ஹெல்ப்பிங் வெர்ப் இருந்தால் அதற்கும் மெயின் வெர்புக்கும் நடுவில் ("ஷீ ஹாஸ் ஆல்வேஸ் கம் லேட்").

## அறிகுறி: 'எக்ஸ்பிளெயின் மீ', 'சஜஸ்ட் மீ'

"எனக்கு விளக்குங்கள்" என்பது அப்படியே இறங்கிவிடுகிறது. கிவ், செண்ட், ஷோ, டெல், டீச் ஆகியவற்றுக்குப் பின்னால் ஆள் நேராக வரலாம்: "செண்ட் மீ தி ஃபைல்." எக்ஸ்பிளெயின், சஜஸ்ட், டிஸ்கிரைப், மென்ஷன், அனௌன்ஸ், சப்மிட் ஆகியவற்றில் பொருள் முதலில், ஆள் பிறகு, நடுவில் 'டு': "எக்ஸ்பிளெயின் தி ப்ராப்ளம் டு மீ." குட்டையான அன்றாட வினை என்றால் ஆள் முன்னால் வரலாம், நீளமான வினை என்றால் சந்தேகப்படுங்கள், பெரும்பாலும் இது கைகொடுக்கும். ஆஃபர், பிராமிஸ் இரண்டும் இதற்கு அடங்காதவை, அவற்றில் ஆள் நேராக வரலாம்.

## அறிகுறி: 'ஒன்லி' போட்டீர்கள், வேறு அர்த்தம் வந்துவிட்டது

"ரவி சென்ட் தி பில் டு தி ஆடிட்டர் எஸ்டர்டே." இதில் ஒவ்வொரு இடமாக 'ஒன்லி'யை வைத்துப் பாருங்கள்.

"ஒன்லி ரவி சென்ட்..." என்றால் ரவி மட்டும் அனுப்பினார், மற்றவர்கள் அனுப்பவில்லை. "ரவி சென்ட் ஒன்லி தி பில்..." என்றால் பில் மட்டும் போயிருக்கிறது, கூட வரவேண்டிய ரசீது போகவில்லை. "...ஒன்லி டு தி ஆடிட்டர்..." என்றால் ஆடிட்டருக்கு மட்டும், வங்கிக்கு இல்லை. "...ஒன்லி எஸ்டர்டே" என்றால் நேற்றுதான், அதற்கு முன் இல்லை.

நம் 'மட்டும்' சொல்லுக்குப் பின்னால் ஒட்டும், 'ஒன்லி' சொல்லுக்கு முன்னால் நிற்கும். எழுத்தில் எதைக் கட்டுப்படுத்துகிறதோ அதற்கு நேர் முன்னால் வையுங்கள். பேச்சில் ஆங்கிலேயர்களே வினைக்கு முன்னால் போட்டுவிட்டு ("ஐ ஒன்லி சா ரவி") குரல் அழுத்தத்தில் சரிசெய்துகொள்வார்கள், அதைத் தப்பு என்று திருத்தப் போகாதீர்கள். மெயிலில் குரல் கிடையாது, அங்கே இடம்தான் எல்லாம்.

"ஹீ இஸ் இன் சென்னை ஒன்லி" என்பது வேறு கேஸ். இங்கே நீங்கள் சொல்ல நினைப்பது 'மட்டும்' இல்லை, 'தான்'. அந்த ஒட்டுக்கு நிகரான ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது. பல நேரம் எடுத்துவிட்டாலே போதும், "ஹீ இஸ் இன் சென்னை." அழுத்தம் கண்டிப்பாக வேண்டும் என்றால் அந்தப் பகுதியை முன்னால் கொண்டுவந்து வாக்கியத்தைப் பிளக்க வேண்டும். "ரவிதான் பில் அனுப்பினார்" என்பது "இட் வாஸ் ரவி ஹூ சென்ட் தி பில்" ஆகும்.

## அறிகுறி: 'நெவர்', 'நாட் ஒன்லி' முன்னால் வந்ததும் வாக்கியம் நொண்டுகிறது

"நாட் ஒன்லி ஹீ கேம் லேட், பட் ஹீ ஆல்ஸோ ஃபர்காட் தி ஃபைல்." மறுப்புச் சொல் தலைக்கு வந்தால் பின்னால் கேள்வி வரிசை வரவேண்டும்: "நாட் ஒன்லி டிட் ஹீ கம் லேட்..." ரேர்லி, ஹார்ட்லி, அண்டர் நோ சர்கம்ஸ்டன்சஸ் எல்லாம் இப்படித்தான். "ஒன்லி ஆஃப்டர் தி பேமெண்ட் கேம் டிட் வீ ரிலீஸ் தி கூட்ஸ்" என்பதில் திரும்புவது முதல் பகுதி இல்லை, இரண்டாவது பகுதி என்பதைக் கவனியுங்கள்.

இதில் தடுமாறினால் மறுப்புச் சொல்லைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடுங்கள். "வீ ரிலீஸ்டு தி கூட்ஸ் ஒன்லி ஆஃப்டர் தி பேமெண்ட் கேம்." அலுவலகக் கடிதத்துக்கு இதுவே மேல், முன்னால் கொண்டுவருவது மேடைப் பேச்சுக்குப் பொருந்தும்.

## அறிகுறி: 'விச்' போட்ட பிறகு ஏதோ கூடுகிறது அல்லது குறைகிறது

"தி லேப்டாப் விச் ஐ பாட் இட் லாஸ்ட் மந்த்" என்பதில் ஒன்று கூடுகிறது. லேப்டாப் முன்னால் போய்விட்டது, அது இருந்த இடத்தில் 'இட்' வரக்கூடாது. அடித்துவிடுங்கள்.

"தி ஹோட்டல் விச் வீ ஸ்டேய்டு" என்பதில் ஒன்று குறைகிறது. இதற்கு வேர் தமிழில் இருக்கிறது. "நாங்கள் ஹோட்டலில் தங்கினோம்" என்பது "நாங்கள் தங்கிய ஹோட்டல்" ஆகும்போது அந்த 'இல்' மறைந்துவிடும், யாருக்கும் குறை தெரியாது. ஆங்கிலத்தில் அது மறையாது. சோதிக்க, பெயரைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புங்கள்: "வீ ஸ்டேய்டு அட் தி ஹோட்டல்." ஹோட்டலுக்கு முன்னால் 'அட்' இருந்ததல்லவா, அது எங்காவது இருந்தே ஆகவேண்டும். "தி ஹோட்டல் வீ ஸ்டேய்டு அட்" அல்லது "தி ஹோட்டல் அட் விச் வீ ஸ்டேய்டு." இரண்டில் ஒன்று போதும். பயத்தில் இரண்டு இடத்திலும் போட்டு "தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்" என்று எழுதுகிறவர்கள் நிறைய.

பிரிபோசிஷனில், அதாவது அட், இன் மாதிரிச் சொல்லில், வாக்கியத்தை முடிக்கக்கூடாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 1672-ல் ஜான் டிரைடன் என்ற கவிஞர், தனக்கு முந்தைய நாடகாசிரியரான பென் ஜான்சனின் வரிகளில் இதைக் குறையாக எடுத்துச் சொன்னார், அப்புறம் இலக்கணப் புத்தகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பேசுகிறவர்கள் அதற்கு முன்னும் அப்படித்தான் முடித்தார்கள், இன்றும் முடிக்கிறார்கள். மெயிலில் தாராளமாகக் கடைசியில் விடுங்கள். ஆய்வுக் கட்டுரை, சட்டக் கடிதம் என்றால் 'அட் விச்' பக்கம் போகலாம்.

## அறிகுறி: முதல் பாதி யாரைப் பற்றியது என்று தெரியவில்லை

"வாக்கிங் டு தி பஸ் ஸ்டாப், தி ரெயின் ஸ்டார்ட்டட்." இதன்படி பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனது மழை. "நடந்து போகும்போது மழை பிடித்துக்கொண்டது" என்பது தமிழில் குறையில்லாத வாக்கியம், போனவர் யார் என்று நாமே புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் அந்த முன்தொடர் காற்புள்ளிக்கு அடுத்து வருகிற சப்ஜெக்டைப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

பார்க்கவேண்டியது ஒன்றுதான், காற்புள்ளிக்கு அடுத்து நிற்பவரோ நிற்பதோ முதல் பாதியின் வேலையைச் செய்ததா? இல்லை என்றால் இரண்டு வழி. செய்தவரை அங்கே கொண்டுவரலாம், "வாக்கிங் டு தி பஸ் ஸ்டாப், ஐ காட் வெட்." அல்லது முதல் பாதிக்குத் தனி சப்ஜெக்ட் கொடுக்கலாம், "வைல் ஐ வாஸ் வாக்கிங் டு தி பஸ் ஸ்டாப், தி ரெயின் ஸ்டார்ட்டட்." கன்சிடரிங், ரிகார்டிங், அக்கார்டிங் டு ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: ஒரு தொடர் இரண்டு பக்கமும் ஒட்டுகிறது

இந்தப் பட்டியலிலேயே செலவு அதிகம் வைப்பது இதுதான், ஏனென்றால் எழுதியவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. "ப்ளீஸ் செண்ட் மீ தி ரிப்போர்ட் யூ ஆர் ப்ரிப்பேரிங் பை ஃபிரைடே." வெள்ளிக்குள் அனுப்பவேண்டுமா, வெள்ளிக்குள் தயாராகப்போகும் ரிப்போர்ட்டா?

முதலில் அந்தத் தொடரை வாக்கியத்தின் தலைக்கு எடுத்துப் பாருங்கள். "பை ஃபிரைடே, ப்ளீஸ் செண்ட் மீ..." இப்போது அது அனுப்புவதோடு மட்டும் ஒட்டும். தலைக்கு எடுத்தால் நீங்கள் நினைத்த அர்த்தம் போய்விடுகிறது என்றால், ஒட்டவேண்டிய சொல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். "ஐ கேவ் தி ஃபைல் டு தி மேனேஜர் விச் வாஸ் இன்கம்ப்ளீட்" என்பது "ஐ கேவ் தி மேனேஜர் தி ஃபைல், விச் வாஸ் இன்கம்ப்ளீட்" ஆகும். பக்கத்திலும் இடமில்லை, ஏற்கெனவே மூன்று தொடர் வரிசையாக நிற்கிறது என்றால் இனி நகர்த்திப் புண்ணியமில்லை, இரண்டு வாக்கியமாக உடைத்துவிடுங்கள். கடைசியாக, எழுதாத ஒருவரிடம் கொடுத்து என்ன புரிகிறது என்று கேளுங்கள். நீங்கள் எழுதியதை நீங்களே பத்து முறை படித்தாலும் நினைத்த அர்த்தம்தான் கண்ணில் படும்.

## எப்போது தொழில் தெரிந்தவரிடம் போகவேண்டும்

மெயில், லீவ் லெட்டர், வேலைக்கான விண்ணப்பம் என்றால் மேலே உள்ளது போதும். கையெழுத்துப் போடுகிற எதுவாக இருந்தாலும் கதை வேறு. வாடகை ஒப்பந்தம், பங்குதாரர் ஒப்பந்தம், டெண்டர் நிபந்தனைகள் ஆகியவற்றில் 'அன்லெஸ்', 'எக்ஸெப்ட்', 'ப்ரொவைடெட் தட்' என்று தொடங்குகிற தொடர் இருந்தால் நீங்களாக நகர்த்தாதீர்கள், வக்கீலிடம் காட்டுங்கள்.

கனடாவில் ரோஜர்ஸ், அலியன்ட் என்ற இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் கம்பங்களில் கேபிள் கட்டுவதற்கு ஒரு ஒப்பந்தம் இருந்தது. ஐந்து ஆண்டு நடக்கும், பிறகு ஐந்து ஐந்து ஆண்டாக நீளும், அதன் வாலில் "ஓர் ஆண்டு முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொண்டால் தவிர" என்று ஒரு தொடர். அந்தத் தொடர் பின்னால் வரும் நீட்டிப்புகளுக்கு மட்டுமா, முதல் ஐந்து ஆண்டுக்கும் சேர்த்தா? 2006-ல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தொடருக்கு முன்னால் இருந்த காற்புள்ளியைக் காட்டி முதல் ஐந்து ஆண்டுக்கும் பொருந்தும் என்றது. 2007-ல் ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்துவிட்டு அந்த முடிவை மாற்றிக்கொண்டது. இரண்டு பக்கமும் வக்கீல்கள் இருந்தும் ஒரு தொடர் எதோடு ஒட்டுகிறது என்பதில் இவ்வளவு நடந்தது.

ஆய்வுக் கட்டுரை, விசா மனுவோடு வைக்கிற விளக்கக் கடிதம், மருந்து அல்லது இயந்திரம் பயன்படுத்தும் முறை ஆகியவற்றுக்கு எடிட்டர் ஒருவர் தேவை. ஒரு பத்தியில் மூன்று நான்கு வாக்கியங்களுக்கு மேல் உடைத்து எழுதவேண்டி வந்தாலும் அவரிடம் கொடுத்துவிடுவது நல்லது, நகர்த்தி நகர்த்தி ஒட்டுப்போட்ட பத்தியைத் திருத்துவது அவருக்கும் பெரும் பாடு.

கொடுக்கும்போது சந்தேகமான வாக்கியங்களுக்குப் பக்கத்தில் நீங்கள் சொல்ல வந்ததைத் தமிழில் எழுதிவையுங்கள். எடிட்டருக்குத் தமிழ் தெரியாது என்றால் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக, ஒன்றில் ஒரு செய்தி மட்டும் வைத்து எழுதுங்கள்.